டிராக்டர் டிரெய்லர் விளக்கு மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

நீங்களே ஒயர் இழுத்து டிரெய்லருக்கு விளக்கு மாட்டிவிட்டீர்கள். சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டியது எரியவில்லை. அல்லது எரியக் கூடாதது எரிகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் கோளாறை வைத்தே பழுது எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மூன்று வருடத்துக்கு முன்பு, தை மாதக் கடைசியில், எங்கள் பெரியப்பாவின் டிரெய்லர் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனது. இரவு ஒன்பது மணி இருக்கும். டயரைப் பார்க்க வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்கள். பின்னால் பைக்கில் வந்தவர் டிரெய்லரைக் கடைசி நொடியில்தான் பார்த்தார். வண்டியை ஒடித்து மண்ணில் விழுந்து முழங்கை எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். அன்று சாயங்காலம் கிளம்பும்போது டெயில் லைட் எரிந்ததை நானே பார்த்தேன். நின்ற இடத்தில் எரியவில்லை. மறுநாள் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்த டிரெய்லரில் எர்த் ஒயரே, அதாவது கரண்ட் விளக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயரே, கிடையாது. டிராக்டர் கொக்கியும் டிரெய்லர் வளையமும் உரசுகிற இரும்பு வழியாகத்தான் இத்தனை நாளும் எர்த் கிடைத்திருக்கிறது. வண்டி இழுக்கும்போது இரும்பும் இரும்பும் இறுகி விளக்கு எரியும். நின்றதும் கொக்கி தளர்ந்து விளக்கு அணையும். எந்த நேரத்தில் எரிய வேண்டுமோ அந்த நேரத்தில் இருட்டு.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் எர்த் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். நான் பார்த்த டிரெய்லர் விளக்குக் கோளாறுகளில் பெரும்பகுதி அங்கேதான் போய் முடிந்திருக்கிறது.

முதலில் ஏழு பின்னையும் தெரிந்துகொள்ளுங்கள்

டிரெய்லர் கேபிளின் பிளக் டிராக்டரின் சாக்கெட்டில் மாட்டும். 12 வோல்ட் வண்டிக்கான வட்டமான இந்த ஏழு பின் சாக்கெட்டில் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் சின்னதாக எண் அச்சாகியிருக்கும். சர்வதேசத் தர வரிசைப்படி 1 இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர். 2 பின்பக்கப் பனி விளக்கு, நீலம். நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது டெயில், பழுப்பு. 6 பிரேக் லைட், சிவப்பு. 7 இடது டெயில், கறுப்பு. ஒன்று முதல் ஆறு வரை சுற்றிலும் இருக்கும், ஏழு நடுவில்.

கடையில் வாங்கும் 7 கோர் கேபிளில் (ஒரே உறைக்குள் ஏழு ஒயர்) நிறம் இப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். எண்ணைப் பார்த்து மாட்டுங்கள். பழைய டிராக்டராக இருந்தால் முன்பு யாரோ தன் வசதிக்கு மாற்றி மாட்டியிருக்கலாம். ஒவ்வொரு பின்னிலும் எது வருகிறது என்று சோதித்து ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று: லாரிக்கு ஒயரிங் செய்து பழகியவரிடம் வரிசை கேட்டால் அவர் 24 வோல்ட் வரிசையைச் சொல்லிவிடுவார். அதில் 1 எர்த், 3 இடது இண்டிகேட்டர், 4 பிரேக். அதை நம் டிராக்டரில் மாட்டினால் எதைப் போட்டாலும் வேறெதுவோ எரியும்.

சோதிக்கக் கையில் என்ன வேண்டும்

வீட்டு கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் 12 வோல்ட்டுக்கு எரியாது. அதை வைத்துக்கொண்டு "கரண்டே வரவில்லை" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

மல்டிமீட்டர் நல்லதுதான், ஆனால் அதுவும் ஏமாற்றும். நரம்புகள் அறுந்து, களிம்பு ஏறி, பட்டும் படாமலும் தொங்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால் சரியாக எரியாது. அதனால் நான் முதலில் எடுப்பது ஒரு பழைய 21 வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர், முனையில் இரண்டு முதலை கிளிப். இதுதான் டெஸ்ட் லேம்ப். இது பளிச்சென்று எரிந்தால் அந்த இடம் வரை கரண்ட் உண்மையிலேயே நன்றாக வருகிறது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அடைப்பு. மீட்டர் இதைச் சொல்லாது.

கூடவே ஆறேழு மீட்டர் ஒயரில் இரு முனையிலும் கிளிப் போட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் சோதனைக்கு இதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

சோதிக்கும் முன் டயருக்குக் கட்டை கொடுங்கள். ஒயரைக் கழற்றி மாட்டுகிற வேலை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பழுது டிராக்டரிலா டிரெய்லரிலா?

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. பிளக்கைக் கழற்றுங்கள். டிராக்டர் சாக்கெட்டின் 3ஆம் பின்னில் டெஸ்ட் லேம்பின் ஒரு முனை, மற்ற முனையை ஒவ்வொரு பின்னாகத் தொட்டு, அதற்குரிய சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். எல்லாம் பளிச்சென்று எரிந்தால் டிராக்டர் பக்கம் சரி.

டிரெய்லர் பக்கத்தைத் தனியாகச் சோதிக்க ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும். நெகட்டிவை டிரெய்லர் பிளக்கின் 3ஆம் பின்னுக்குக் கொடுங்கள். பாசிட்டிவை 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றின் வழியாக 1, 4, 5, 6, 7 என்று ஒவ்வொன்றுக்கும் கொடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையின்போது டிரெய்லர் டிராக்டரோடு கொக்கியில் மாட்டியிருக்கக் கூடாது. மாட்டியிருந்தால் திருட்டு வழி எர்த் எங்காவது கிடைத்து உங்களை ஏமாற்றும் வாய்ப்பு உண்டு.

இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரியாக இருந்து, சேர்த்தால் மட்டும் கோளாறு என்றால் சந்தேகம் மூன்று இடத்தில்தான்: பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம், ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் கருவி), லோடு தாங்காத ஒயர்.

அறிகுறி: ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது, எல்லாம் சேர்ந்து மினுக்குகிறது

இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே மினுக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாகச் சிவக்கும். டெயில் தனியாக எரியும், பிரேக்கும் தனியாக மங்கலாக எரியும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிரேக் அணைந்துவிடும். சில சமயம் டிராக்டரின் விளக்கே விசித்திரமாக நடந்துகொள்ளும். பார்ப்பவர்கள் "ஒயர் எல்லாம் மாறி மாட்டியிருக்கிறது" என்று சொல்லி மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வார்கள். பிரிக்காதீர்கள். இது கிட்டத்தட்ட எப்போதும் எர்த் இல்லாததுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். வடிகாலை அடைத்தால் வயலுக்கு வந்த தண்ணீர் சும்மா நிற்காது. வரப்பு தாழ்ந்த இடம் பார்த்துப் பக்கத்து வயலில் இறங்கும். கரண்டும் அப்படித்தான். பிரேக் ஒயரில் வந்த கரண்ட் பல்புக்குள் போய்விட்டது, வெளியேற எர்த் வழி அடைபட்டிருக்கிறது. அதே பல்பின் உடலோடு சேர்ந்திருக்கும் டெயில் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, டெயில் ஒயரில் டிராக்டர் வரை போய், டிராக்டரின் டெயில் பல்பு வழியாக எர்த்தில் இறங்குகிறது. இத்தனை இழைகளை வரிசையாகக் கடப்பதால் எல்லாம் மங்கலாகச் சிவக்கிறது. டெயில் சுவிட்சையும் போட்டுவிட்டால் அந்தத் திருட்டு வழியிலும் எதிரிலிருந்து 12 வோல்ட் வந்துவிடுகிறது. வழி அடைபட்டு, பிரேக் இழை அணைந்துவிடுகிறது. டிரெய்லரில் எல்இடி விளக்கு இருந்தால் கரண்ட் இப்படிப் பின்னோக்கி ஏறாது. எதுவும் எரியாமல் அணைந்தே கிடக்கும்.

உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். நீள ஒயரின் ஒரு கிளிப்பை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறு கிளிப்பை விளக்கின் எர்த் ஒயரில் நேராகப் பிடியுங்கள். எல்லாம் சரியாகிவிட்டால் குற்றவாளி எர்த்தான். அப்புறம் அந்தக் கிளிப்பை விளக்கிலிருந்து டிரெய்லர் சேஸிஸுக்கு (இரும்பு அடிச்சட்டம்), சேஸிஸிலிருந்து பிளக்கின் 3ஆம் பின்னுக்கு என்று முன்னோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்துக்கு வந்ததும் கோளாறு திரும்புகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன்பு தொட்ட இடத்துக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது.

ஒரே ஒரு விளக்கில் மட்டும் இந்தக் கோளாறு என்றால் அந்த விளக்கின் எர்த் மட்டும் போயிருக்கிறது. பட்டறையிலிருந்து புதிதாக வந்த டிரெய்லரில் இது அடிக்கடி நடக்கும். தகட்டின் மேல் கெட்டியாகப் பெயிண்ட், அதன் மேல் விளக்கின் பட்டை. போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது.

சரி செய்யும் முறை இதுதான், இதில் குறுக்கு வழி வேண்டாம். பிளக்கின் 3ஆம் பின்னிலிருந்து 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் ஒன்றை இடது விளக்கு, வலது விளக்கு இரண்டுக்கும் தனியாகவே இழுத்துவிடுங்கள். அதிலிருந்து ஒரு கிளை சேஸிஸுக்கும் போகட்டும். சேஸிஸில் மாட்டும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளவென்று தெரிய வேண்டும். ஒயர் முனையில் ரிங் லக் (வளைய முனை) வைத்து நசுக்கி கிரிம்ப் செய்து, பல் வாஷர் போட்டு முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், துரு ஏறாது. டிராக்டர் பக்கத்திலும் சாக்கெட்டின் 3ஆம் பின் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பாருங்கள். மட்கார்டு தகட்டில் ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவில் முடிந்திருந்தால் அதையும் இதே போல் செய்யுங்கள்.

"கொக்கி இரும்புதானே, எர்த் தானாகவே கிடைக்கும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கொக்கியில் கிரீஸ் இருக்கிறது, மண் இருக்கிறது, துரு இருக்கிறது, நடுவில் ஆட்டமும் இருக்கிறது. மனித உயிரை அதை நம்பி விடக் கூடாது.

அறிகுறி: ஓடும்போது விட்டுவிட்டு எரிகிறது, நிறுத்திப் பார்த்தால் சரி

மேலே சொன்ன கொக்கி எர்த்தே இதற்கும் முதல் சந்தேகம்: ஓடும்போது கொக்கி ஆடி விட்டுவிட்டு எரியும், இறுகிய நிலையிலேயே நின்றுவிட்டால் சரியாக எரியும். அது இல்லையென்றால் பிளக். சாக்கெட் உள்ளே பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்க்கலாம். பிளந்த பின் என்றால் சின்ன ஸ்க்ரூடிரைவரால் பிளவை லேசாக அகட்டினால் இறுக்கமாகப் பிடிக்கும். பிளக்குக்குள் ஒயரைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூக்கள் அதிர்வில் தளர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து முறுக்குங்கள்.

வளைவில் மட்டும் அணைந்தால் கேபிள் நீளம் போதவில்லை. டிராக்டரை இடமும் வலமும் முழுதாக ஒடித்து, பின்னால் இறங்கிப் பாருங்கள். கேபிள் விறைக்கவும் கூடாது, தொங்கி ரோட்டில் உரசவும் கூடாது. டிப்பர் டிரெய்லர் என்றால் பெட்டியை முழுதாகத் தூக்கியும் பார்க்க வேண்டும்.

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயரைப் பயன்படுத்தியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அதிர்வில் அது உறைக்குள்ளேயே முறிந்துவிடும், வெளியே பார்த்தால் நன்றாகவே தெரியும். வண்டிக்குப் பல நரம்பு ஒயர்தான்.

அறிகுறி: எதுவுமே எரியவில்லை

டிராக்டரின் சொந்த டெயில் லைட் எரிகிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டிராக்டர் ஃபியூஸ். அது எரிந்து டிரெய்லர் மட்டும் இருட்டு என்றால் பிளக் முழுதாக உள்ளே போய், மூடியின் கொக்கி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 3ஆம் பின். ஒரே நேரத்தில் நான்கு பல்பும் போவது அபூர்வம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஒயர் எர்த்.

அறிகுறி: எரிகிறது, ஆனால் மங்கல்

பல்பின் அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். கடையில் 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். லாரிக்கான 24 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் போட்டால் வர வேண்டிய வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் வரும். இழை சிவந்து கிடக்கும், அவ்வளவுதான்.

பல்பு சரியென்றால் வழியில் வோல்ட் விழுகிறது. இழை பல்பில் 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். சின்னக் குறைவுக்குப் பெரிய தண்டனை. ஒரு கணக்கு போடுகிறேன். பிரேக் பல்பு 21 வாட். இரண்டுக்கும் சேர்த்து 3.5 ஆம்பியர். டிராக்டர் சுவிட்சிலிருந்து டிரெய்லரின் வால் வரை சுற்றிவளைத்துப் போனால் 10 மீட்டர் ஒயர் பிடிக்கும். மெல்லிய 0.5 ஸ்கொயர் ஒயர் போட்டிருந்தால் போகும் வழியில் மட்டுமே ஏறத்தாழ 1.3 வோல்ட் விழும். எர்த் ஒயரும் அதே அளவென்றால் திரும்பும் வழியில் இன்னொரு 1.3 வோல்ட். 1.5 ஸ்கொயர் போட்டால் போகும் வழியில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஒயரின் விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். விளக்குகளுக்கு 1.5, எர்த்துக்கு 2.5, இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

எங்கே விழுகிறது என்று பிடிக்க மல்டிமீட்டர் இப்போது உதவும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், அதுதான் முக்கியம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து விளக்கின் பாசிட்டிவ் வரை ஒரு அளவு, விளக்கின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை ஒரு அளவு. எந்தப் பக்கத்தில் அதிகமோ அந்தப் பக்கத்தில் தேடுங்கள். இரண்டும் சேர்த்து ஒரு வோல்ட்டைத் தாண்டினால் சும்மா விடாதீர்கள்.

ஒயர் தடிமனாக இருந்தும் விழுகிறது என்றால் ஜாயின்ட். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியதெல்லாம் நம் வெயிலுக்குத் தாங்காது. பசை உருகி டேப் கழன்று, தண்ணீர் இறங்கி, செம்பு கறுத்துவிடும். சாலிடர் வையுங்கள், அல்லது நல்ல கிரிம்ப் போட்டு மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். யூரியா, பொட்டாஷ் ஏற்றும் டிரெய்லரில் உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்து ஜாயின்டை அரித்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் நடுவழியில் ஜாயின்டே வைக்காமல் முழு நீளக் கேபிளாக இழுப்பது நல்லது.

அறிகுறி: பிரேக் மிதித்தாலும் வெளிச்சம் கூடவில்லை

ஒரே பல்பில் டெயிலும் பிரேக்கும் இருந்தால் அதில் இரண்டு இழை: 5 வாட் டெயிலுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. டெயில் போட்டதுமே பளிச்சென்று எரிந்து, பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரியவில்லை என்றால் ஹோல்டரில் இரண்டு ஒயரும் மாறியிருக்கிறது. மாற்றி மாட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் பல்பைக் கழற்றிப் பாருங்கள். இந்தப் பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரு வழியாகத்தான் உள்ளே போகும். தேய்ந்த ஹோல்டரில் திருப்பிப் போட்டாலும் ஏறிவிடும்.

பின்னால் வருபவருக்கு இது ஆபத்தான கோளாறு. விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று ஓட்டுபவர் நினைத்துக்கொள்கிறார், பின்னால் வருபவருக்கோ நீங்கள் நிற்பது தெரியாது.

டிராக்டரில் இன்னொரு விஷயம் உண்டு. பிரேக் பெடல் இரண்டு. பிரேக் லைட் சுவிட்ச் எந்தப் பெடலோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெடல்களைச் சேர்க்கும் பூட்டைப் போடாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் விளக்கு எரியாமல் போகலாம். ரோட்டில் ஏறும்போது அந்தப் பூட்டு எப்படியும் போட்டிருக்க வேண்டும். லோடோடு வேகமாகப் போகையில் ஒற்றைப் பெடல் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்த்துவிடும்.

பிரேக்கை விட்ட பிறகும் விளக்கு அணையவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். டிராக்டரின் பிரேக் லைட்டும் எரிந்துகொண்டே இருந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பெடல் முழுதாக மேலே வரவில்லை. இரவு முழுக்க அப்படியே விட்டால் நான்கு பல்பும் சேர்ந்து 7 ஆம்பியர் இழுக்கும். காலையில் 75 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரி படுத்துவிடும்.

அறிகுறி: இண்டிகேட்டர் தாறுமாறாக அடிக்கிறது

நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை அடித்தால் சரியான வேகம். டிரெய்லர் மாட்டாதபோது சரியாக அடித்து, மாட்டியதும் வேகம் மாறினால் ஃப்ளாஷருக்கு லோடு ஒத்துவரவில்லை. டிராக்டரில் ஒரு பக்கத்துக்கு 21 வாட் இரண்டு, டிரெய்லரில் ஒன்று, ஆக 63 வாட். 5 ஆம்பியருக்கு மேல். இரண்டு பல்புக்கென்று வந்த பழைய சூடேறும் வகை ஃப்ளாஷர் இந்த லோடில் வேகமாக அடித்து சீக்கிரமே கெட்டுவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று 21 வாட் தாங்கும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் என்று கேட்டு வாங்குங்கள். பழையதைக் கழற்றும் முன் எந்தக் காலில் எந்த ஒயர் என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தால் ஒரு பல்பு போயிருக்கிறது என்று அது சொல்கிறது. பழைய வகை என்றால் பல்பு போனதும் மெதுவாகும், அல்லது அடிக்காமல் நிலையாக எரியும். டிராக்டர், டிரெய்லர் எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றினால் கரண்ட் குறைந்து, பல்பு போய்விட்டதாக நினைத்து ஃப்ளாஷர் தடுமாறும். எல்இடிக்கான ஃப்ளாஷர் போட்டால் தீரும்.

இடது போட்டால் வலது அடிக்கிறது என்றால் 1உம் 4உம் மாறியிருக்கிறது. பிளக்கை முகத்தில் பார்க்கும்போது இருக்கும் வரிசை, ஒயர் மாட்டும் பின்பக்கத்தில் கண்ணாடி போல் தலைகீழாக இருக்கும். அதனால் வரும் தவறு.

அறிகுறி: ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

சிகரெட் பெட்டித் தகடு, ஒயர் நரம்பு, பெரிய ஃபியூஸ், இவற்றில் எதையும் போடாதீர்கள். ஃபியூஸ் போகாமல் ஒயர் எரியும். வைக்கோல் ஏற்றிய டிரெய்லரில் ஒயர் எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபியூஸ் எடுத்த இடத்தில் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் 2 ஆம்பியருக்கு மேல் போக விடாது. அதனால் எத்தனை நேரம் தேடினாலும் ஃபியூஸ் செலவில்லை, ஒயரும் சூடாகாது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பல்பு அணைந்தாலோ மங்கினாலோ ஷார்ட் டிரெய்லரில். மறுபடி மாட்டி, ஒயரை ஓர் அடி ஓர் அடியாக ஆட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தை ஆட்டும்போது பல்பு மங்குகிறதோ அங்கே உறை கிழிந்து இரும்பைத் தொடுகிறது. தகட்டில் ரப்பர் புஷ் இல்லாத துளை, டிப்பரின் கீல் மடிகிற இடம், ஜாக்கி பக்கம், பின்கதவுக்குக் கீழே, இந்த நான்கு இடங்களை முதலில் பாருங்கள். களத்துமேட்டில் நிற்கும் வண்டியில் எலியும் கடித்துவிடும். ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள் ஒயரை விட்டால் உரசலும் குறையும், எலியும் சுலபமாகப் பல் வைக்க முடியாது.

ஷார்ட் எங்குமே இல்லை, ஆனால் பிரேக்கைக் கொஞ்ச நேரம் மிதித்தால் ஃபியூஸ் போகிறது என்றால் லோடுதான். நான்கு பிரேக் பல்பும் 84 வாட், 7 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் இதைத் தாங்காது. பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வல்ல, ஏனென்றால் பழைய ஒயரும் சுவிட்சும் 5 ஆம்பியருக்குத்தான் போட்டது. ஒரு ரிலே வையுங்கள், அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதன் கால்களில் எண் அச்சாகியிருக்கும். ரிலேயின் 86இல் டிராக்டரின் பிரேக் ஒயர், 85 எர்த், 30இல் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் தனி ஒயர், 87இலிருந்து சாக்கெட்டின் 6ஆம் பின். அதன் பிறகு டிரெய்லரின் பிரேக் லைட் லோடு டிராக்டர் ஒயரிங்கைத் தொடாது.

அறிகுறி: மழை பெய்த மறுநாள் கோளாறு

சாக்கெட் மூடியின் ஸ்பிரிங் போயிருந்தால் மாற்றுங்கள். விளக்கின் கண்ணாடிக்குள் நீர் முத்து தெரிந்தால் அடியில் உள்ள வடிகால் துளை மண்ணால் அடைத்திருக்கும், ஊசியால் குத்திவிடுங்கள். விளக்கைச் சுற்றிலும் சிலிக்கான் பூசி அந்தத் துளையையும் மூடிவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஹோல்டர் துருப்பிடித்துவிடும். டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது பிளக்கைத் தரையில் போடாமல், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகு

தனித்தனியாகச் சோதித்தது போதாது. டெயில் போட்டு, பிரேக் மிதித்து, அதோடு இண்டிகேட்டரும் போட்டுப் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் அரைகுறை எர்த் காட்டிக்கொடுக்கும். உடன் ஆள் இல்லையென்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுக்கலாம். பிறகு கட்டையை எடுத்துவிட்டு, டெயிலும் இண்டிகேட்டரும் எரியும்போதே வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தி, கொக்கி தளர்ந்த நிலையிலும் இறுகிய நிலையிலும் விளக்கு மாறாமல் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பெரியப்பா டிரெய்லரில் நான் அன்று செய்யாமல் விட்டது இதைத்தான்.

அப்புறம், லோடு ஏற்றிய பிறகு ஒரு முறை பின்னால் போய் நில்லுங்கள். கரும்புச் சோகையும் வைக்கோலும் தொங்கி விளக்கை மறைத்திருக்கும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பின் விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்கின்றன. சோகைக்குப் பின்னால் எரியும் விளக்கு 15 மீட்டருக்கும் தெரியாது. தொங்குவதை அரிவாளால் கழித்துவிடுங்கள். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டரும், குறுக்கே ஒளிரும் டேப்பும் ஒட்டி, மண்ணைத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் எந்த ஒயர் அறுந்தாலும் பின்னால் வருபவரின் ஹெட்லைட்டில் அவை தெரியும்.